வளர வேண்டிய எலும்பும் வளரக் கூடாத எலும்பும்

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனால் நாங்கள் எல்லாரும் தண்ணீரில் இறங்கிவிடுவோம். கிள்ளானிலிருந்து வரும் என் தாய்மாமா மட்டும் பாயை விரித்து, நாசி லெமாக் பொட்டலங்களுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கடல் என்றால் பயம் என்றுதான் நினைத்திருந்தேன். பத்து வயதில் ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“பயமெல்லாம் இல்லம்மா. என் காதுக்குள்ள ஒரு குகை இருக்கு. தண்ணி போனா தலை சுத்தும்” என்றார். இடது காதை மடக்கி, பின்னால் இருந்த நீண்ட தழும்பையும் காட்டினார். குகை என்றதும் எனக்குப் பத்துமலைதான் நினைவுக்கு வந்தது. மாமா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று ஓடிவிட்டேன்.

அவர் சொன்னது முழு உண்மை என்பது ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் புரிந்தது. அது மறுபடி நினைவுக்கு வந்தது எங்கள் பள்ளியின் மூன்றாம் படிவ வகுப்பில். காதின் அமைப்பைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், அந்தக் குட்டி எலும்பு உடைஞ்சா மாவுக்கட்டு போடுவாங்களா?” வகுப்பே சிரித்தது. கேள்வி சிரிப்பதற்குரியது அல்ல. 3 மில்லிமீட்டர் உயரமுள்ள எலும்புக்கு யாரால் மாவுக்கட்டு போட முடியும்? அப்படியானால் என்னதான் செய்வார்கள்? அந்த மாணவிக்கு அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாகச் சொல்ல முயல்கிறேன்.

மூன்று எலும்புகள் செய்யும் கணக்கு

பாடநூலில் ‘துலாங் ஓசிகெல்’ என்று படித்திருப்பீர்கள். தமிழில் சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு. அங்கவடி என்பது குதிரை ஏறுபவர் கால் வைக்கும் வளையம். அந்த எலும்பின் வடிவமும் அப்படியே இருக்கும். நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அதுதான். எடை சுமார் 3 மில்லிகிராம்.

இந்த மூன்றும் எதற்கு? செவிப்பறைக்கு வெளியே இருப்பது காற்று. கோக்லியா எனும் நத்தைச்சுருளுக்குள் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேராகத் தண்ணீரில் மோதினால் அதன் ஆற்றலில் 99.9 விழுக்காடு திரும்பிப் போய்விடும். நீச்சல் குளத்தில் மூழ்கியிருக்கும்போது கரையில் நிற்பவர் கத்துவது சரியாகக் கேட்காது அல்லவா, அதே காரணம்தான்.

நடுச்செவி இந்த இழப்பை ஈடுகட்டுகிறது. செவிப்பறையில் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். அங்கவடி எலும்பின் அடித்தட்டு சுமார் 3.2 சதுர மில்லிமீட்டர். அகலமான பரப்பில் விழும் விசையைச் சிறிய பரப்பில் குவித்தால் அழுத்தம் கூடும், 55ஐ 3.2ஆல் வகுத்தால் 17 மடங்கு. சுத்தியும் பட்டடையும் சேர்ந்து நெம்புகோலாக இயங்கி இன்னும் 1.3 மடங்கு சேர்க்கின்றன. மொத்தம் 22 மடங்கு. டெசிபலில் சொன்னால் ஏறக்குறைய 27.

இப்போது சங்கிலி நடுவில் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செவிப்பறை நன்றாகவே இருக்கிறது, ஆனால் பின்னால் எலும்பு இல்லை. கேட்கும் திறன் 60 டெசிபல் வரை குறைந்துவிடும். நாம் சாதாரணமாகப் பேசும் ஒலியே சுமார் 60 டெசிபல்தான். வகுப்பில் ஆசிரியர் பேசுவது அந்தக் காதில் வெறும் முணுமுணுப்பு. “கவனிக்க மாட்டேங்கிறான்” என்று நாங்கள் திட்டும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் காதுதான் பிரச்சினையோ என்று நான் இப்போதெல்லாம் யோசிக்கிறேன். முதல் வரிசைக்கு மாற்றிப் பார்ப்பேன்.

எலும்பு எப்படிக் காணாமல் போகிறது?

விபத்தில் உடைவது உண்டு. அதைவிட அதிகம், சீழ். நடுச்செவியில் தொற்று வந்து, செவிப்பறையில் துளை விழுந்து, மாதக்கணக்கில் காது ஒழுகுவதை நாள்பட்ட சீழ்ச் செவியழற்சி என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, இந்நோய் எந்த அளவு பரவியிருக்கிறது என்று நாடுகளை வகைப்படுத்தியது. மலேசியா 2 முதல் 4 விழுக்காடு உள்ள ‘அதிகம்’ என்ற பிரிவில் இருந்தது. இந்தியா அதற்கும் மேலே, 4 விழுக்காட்டைத் தாண்டிய பிரிவில்.

இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை. காய்ச்சிய எண்ணெயை இரண்டு சொட்டு விடுவார்கள், பஞ்சு வைப்பார்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள். செவிப்பறையில் துளை இருந்தால் அந்த எண்ணெய் நேராக நடுச்செவிக்குள் போகும். உங்கள் காதோ தம்பி தங்கையின் காதோ இரண்டு வாரத்துக்கு மேல் ஒழுகினால், நாற்றம் அடித்தால், வலி இல்லாவிட்டாலும் கிளினிக்கில் காட்டச் சொல்லுங்கள்.

தொற்றுக்கு முதல் பலி பெரும்பாலும் பட்டடை எலும்பின் நீண்ட காம்புதான். அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. இன்னும் மோசமான ஒன்று, கொலஸ்டியடோமா. பெயர் புற்றுநோய் மாதிரி ஒலித்தாலும் அது வெறும் தோல். ஆனால் இருக்கக் கூடாத இடத்தில் வளரும் தோல். வெளிக்காதின் தோல் நடுச்செவிக்குள் புகுந்து பை போல வளர்ந்து, உதிரும் செதில்களைச் சேர்த்துக்கொண்டே போகும். சுற்றியுள்ள எலும்பை மெல்ல அரிக்கும். சுற்றி என்ன இருக்கிறது தெரியுமா? முக நரம்பு, சமநிலை உறுப்பு, மேலே மூளை.

மாமாவுக்கு இருந்தது அதுதான். 1980களில் அறுவை செய்தார்கள். உங்கள் காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பாருங்கள், கெட்டியாக ஒரு மேடு தட்டுப்படும். அதன் பெயர் மாஸ்டாய்டு எலும்பு. உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்னக் காற்றறைகள். கொலஸ்டியடோமா அங்கே புகுந்துவிட்டால், அந்த அறைகளை வைரமுனைத் துரப்பணத்தால் குடைந்து சுத்தம் செய்ய வேண்டும். சில சமயம் காதுக் குழாயின் பின்சுவரையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். நோய் போய்விடும், ஒரு பெரிய பள்ளம் மிஞ்சும். அதுதான் மாமாவின் குகை.

தண்ணீர் போனால் தலை சுற்றுவதற்கும் காரணம் உண்டு. சமநிலை உறுப்பின் அரைவட்டக் குழாய் ஒன்று அந்தப் பள்ளத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. குளிர்ந்த நீர் பட்டால் குழாய்க்குள் இருக்கும் திரவத்தின் ஒரு பகுதி குளிர்ந்து கீழே இறங்கும்; வெப்பச் சலனம், நீங்கள் படித்ததுதான். தலை அசையாமலே திரவம் ஓடுவதால் மூளை ‘நான் சுற்றுகிறேன்’ என்று நம்பிவிடும். ராபர்ட் பாராணி என்ற ஆஸ்திரிய மருத்துவர் இந்தச் சமநிலை உறுப்பை ஆராய்ந்ததற்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்.

ஆக, அறுவை மருத்துவருக்கு இரண்டு வேலைகள். அறுந்த சங்கிலியை இணைக்க வேண்டும். குடைந்த பள்ளத்தை நிரப்ப வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் தூரத்தில். ஆனால் இரண்டுக்கும் ஒரே பொருள் சரிவராது என்பதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

பேருந்தில் பிறந்த கண்ணாடி

சங்கிலியை இணைக்க மருத்துவர்கள் முதலில் நோயாளியின் சொந்தப் பட்டடை எலும்பையே செதுக்கிப் பொருத்தினார்கள். 1950களிலிருந்து இது நடக்கிறது, இன்றும் நல்ல முறைதான். ஆனால் நோய் அரித்துவிட்ட எலும்பைச் செதுக்க முடியாது. பிளாஸ்டிக் துண்டுகளை வைத்துப் பார்த்தார்கள். உடல் அவற்றை அந்நியப் பொருளாகவே நடத்தியது. பல காதுகளில் அந்தத் துண்டு செவிப்பறையைக் கிழித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்துவிட்டது.

இங்கேதான் லாரி ஹென்ச் வருகிறார். அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் கண்ணாடியும் பீங்கானும் ஆராய்ந்தவர். மருத்துவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. 1967இல் ஒரு மாநாட்டுக்குப் பேருந்தில் போகும்போது பக்கத்து இருக்கையில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய இராணுவ அதிகாரி ஒருவர். கதிர்வீச்சைத் தாங்கும் பொருளை உங்களால் செய்ய முடிகிறதே, மனித உடலைத் தாங்கும் பொருளைச் செய்ய முடியாதா என்று அவர் கேட்டார். உலோகமும் பிளாஸ்டிக்கும் உடலில் ஒட்டாததால் வீரர்களின் கைகால்களை வெட்ட வேண்டியிருந்ததை அவர் பார்த்திருந்தார்.

ஹென்ச் யோசித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். உடல் அடையாளம் காணாத பொருளை வைத்தால் அது ஒதுக்கும். எலும்பின் தாது ஹைட்ராக்சிஅபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. தன் மேற்பரப்பில் தானே அந்தத் தாதுவை உருவாக்கிக்கொள்ளும் கண்ணாடியை வைத்தால் என்ன? சன்னல் கண்ணாடியில் சிலிக்கா 70 விழுக்காட்டுக்கும் மேல். அவர் அதை 45 ஆகக் குறைத்தார். சோடியம் ஆக்சைடு 24.5, கால்சியம் ஆக்சைடு 24.5, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 6. 1969இல் எலிகளின் தொடை எலும்பில் வைத்துப் பார்த்தபோது, ஆறு வாரம் கழித்து அந்தத் துண்டைப் பிடுங்கி எடுக்க முடியவில்லை. எலும்போடு ஒன்றிப்போயிருந்தது. 1971இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. பெயர், பயோகிளாஸ்.

இந்தக் கண்ணாடி முதன்முதலில் மனித உடலில் எங்கே பயன்பட்டது என்று நினைக்கிறீர்கள்? தொடையிலோ இடுப்பிலோ அல்ல, நடுச்செவியில். 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் பயோகிளாஸ் சாதனம், நடுச்செவி எலும்புகளுக்கு மாற்றாகச் செய்யப்பட்ட ஒரு சின்னஞ்சிறு கூம்பு. எலும்போடு மட்டுமல்ல, செவிப்பறை போன்ற மென்மையான திசுவோடும் அது ஒட்டியதால் பிளாஸ்டிக் போல வெளியே துருத்திக்கொண்டு வரவில்லை.

வெற்றி என்று இங்கே கதையை முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் சாதனம் இன்று சந்தையில் இல்லை. ஒவ்வொருவர் காதும் ஒவ்வோர் அளவு; அறுவை மேசையில் மருத்துவர் அரை மில்லிமீட்டர் குறைக்க நினைத்தால் கண்ணாடியை நறுக்க முடியாது, உடையும். இன்னொரு சிக்கல் ஆழமானது. நடுச்செவிச் சங்கிலியின் வேலையே அதிர்வதுதான். எலும்பை ஈர்க்கும் ஒரு பொருள் பக்கத்து எலும்புச் சுவரைத் தொட்டபடி இருந்தால் அதோடும் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒட்டினால் அசையாது, அசையாவிட்டால் கேட்காது. உடலே சில சமயம் இந்தத் தவற்றைச் செய்கிறது. அங்கவடி எலும்பைச் சுற்றித் தேவையில்லாத எலும்பு வளர்ந்து அதைப் பூட்டிவிடும் நோய்க்குக் காதெலும்புத் தடிப்பு என்று பெயர்.

நெதர்லாந்தின் லைடன் நகரில் 1980களில் ஹைட்ராக்சிஅபடைட்டாலேயே செவி எலும்புகள் செய்தார்கள். அவை இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஆனால் 1990களுக்குப் பிறகு பெரிதும் பரவியது டைட்டேனியம். சில மில்லிகிராம் எடை, மெல்லிய தண்டு, மேலே வட்டத் தட்டு. தானாக எலும்புப் படலத்தை வரவழைக்காது, கரையாது. செவிப்பறையை அது உரசாமலிருக்க நடுவே நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பில் ஒரு மெல்லிய சீவல் வைப்பார்கள். எலும்பு வளரக் கூடாத இடத்துக்கு அதுவே ஏற்றது.

குகைக்குள் கண்ணாடி மணல்

பள்ளத்தின் கதை வேறு. அங்கே எதுவும் அதிர வேண்டியதில்லை. எவ்வளவு எலும்பு வளர்ந்தாலும் நல்லதே.

மாஸ்டாய்டுப் பள்ளத்தை நிரப்பும் யோசனை பழையது. 1911இலேயே ஹாரிஸ் மோஷர் என்ற அமெரிக்க மருத்துவர் காதுக்குப் பின்னாலிருந்த தசையை மடித்து உள்ளே வைத்தார். தசை நாளடைவில் சுருங்கிவிடும். பிறகு குடையும்போது வரும் எலும்புத்தூளையே சேகரித்து நிரப்பினார்கள். மலிவானது, சொந்த எலும்பு. ஆனால் பலமுறை அறுவை ஆன காதில் போதுமான தூள் கிடைக்காது. நோயுற்ற தோல் துணுக்கு ஒன்று அதில் கலந்துவிட்டால் நோயையே திரும்ப விதைத்ததாகிவிடும்.

ஹென்ச்சின் கண்ணாடியின் உறவுக்காரர் ஒருவர் இங்கே கைகொடுத்தார். பின்லாந்தின் துர்க்கு நகரில் உருவான கண்ணாடி, பெயர் எஸ்53பி4. பெயரிலேயே செய்முறை இருக்கிறது: சிலிக்கா 53 விழுக்காடு, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 4. மீதி சோடியம் ஆக்சைடு 23, கால்சியம் ஆக்சைடு 20. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மணிகளாக, கரடுமுரடான மணல் போல இருக்கும். பள்ளத்தில் இட்டு, மேலே குருத்தெலும்பாலும் தசைப்படலத்தாலும் மூடுவார்கள். மூடாவிட்டால் மணிகள் ஒவ்வொன்றாகக் காது வழியே கொட்டிவிடும்.

உள்ளே நடக்கும் வேதியியலை நான்காம் படிவ மாணவர்கள் கவனமாகப் படியுங்கள். உடல் திரவம் பட்டதும் கண்ணாடியிலிருந்து சோடியம் அயனிகள் வெளியேறும்; அவற்றின் இடத்தில் ஹைட்ரஜன் அயனிகள் புகும். திரவத்தில் ஹைட்ரஜன் அயனி குறைந்தால் பிஎச் மதிப்பு என்னவாகும்? உயரும். அதாவது சுற்றுப்புறம் காரத்தன்மை அடையும். அயனிகள் கூடுவதால் சவ்வூடுபரவல் அழுத்தமும் ஏறும். இந்த இரண்டும் பாக்டீரியாக்களுக்குப் பிடிக்காது. சீழ் பிடித்துக் கிடந்த ஓர் இடத்தை நிரப்பும் பொருளுக்கு இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்! பிறகு மேற்பரப்பில் சிலிக்கா கூழ்போன்ற படலம் உண்டாகும். அதன் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, மெல்லப் படிகமாகி, எலும்பின் தாதுவைப் போன்ற அடுக்காக மாறும். எலும்புச் செல்கள் அதைத் தங்கள் சொந்த எலும்பு என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். கண்ணாடி ஆண்டுக்கணக்கில் மெதுவாகக் கரையும்.

ஆபத்தும் இருக்கிறது. பள்ளத்தில் ஒரு துளி கொலஸ்டியடோமா மிச்சம் இருந்து, அதன் மேல் நிரப்பி மூடினால் அது கண்ணுக்குத் தெரியாமல் புதைந்து வளரும். அதனால் நிரப்பிய பிறகும் சில ஆண்டுகள் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கிறார்கள்.

‘கண்ணாடி’ என்ற பெயரிருந்தால் எல்லாம் நல்லது என்றும் எண்ணிவிடாதீர்கள். கண்ணாடித் தூளையும் அமிலத்தையும் கலந்து இறுகவைக்கும் அயனோமர் சிமெண்ட்டைப் பல் மருத்துவர்கள் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். காது அறுவையிலும் மண்டை எலும்பின் இடைவெளியை அடைக்க அதன் ஒரு வகையைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கண்ணாடியில் அலுமினியம் இருந்தது. இறுகும் முன் மூளைத் திரவம் பட்டதால் அலுமினியம் கரைந்து மூளைக்குப் போனது. 1994இல் பிரான்ஸ் மருத்துவர்கள் இதை லான்செட் இதழில் எழுதினார்கள். நோயாளிகள் வலிப்பு வந்து, உயிரிழப்பும் நேர்ந்தது. பல்லில் பாதுகாப்பான ஒரு பொருள், சில சென்டிமீட்டர் தள்ளி மூளையருகே நஞ்சானது.

நம் நாட்டுச் சுண்ணாம்பு

எலும்பை நிரப்பும் பொருள்களில் மலேசியாவுக்கும் பங்கு உண்டு. சிரிமின் அம்ரெக் ஆய்வு மையமும் உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் மலேசிய அணுசக்தி நிறுவனமும் சேர்ந்து, நம் நாட்டுச் சுண்ணாம்புக்கல்லிலிருந்து ஹைட்ராக்சிஅபடைட் மணிகளை உருவாக்கின. பெயர் கிரானுமாஸ். காதுக்கென்று செய்யப்பட்டதல்ல, எலும்பில் உள்ள பள்ளங்களை நிரப்புவதற்கானது. பத்துமலையும் ஈப்போவின் குன்றுகளும் இதே வகைக் கல்தான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். குகையை நிரப்பக் குகைக் கல்!

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத் தண்ணீர் சேர்த்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு. அதில் 10 மூலக்கூறும் பாஸ்பாரிக் அமிலத்தில் 6 மூலக்கூறும் சேர்ந்தால் ஒரு ஹைட்ராக்சிஅபடைட்டும் 18 தண்ணீர் மூலக்கூறுகளும் கிடைக்கும். ஹைட்ராக்சிஅபடைட் தயாரிக்கும் வழக்கமான வழிகளில் இது ஒன்று. சமன்பாட்டை நோட்டில் எழுதி, இரு பக்கமும் அணுக்கள் சமமா என்று பாருங்கள். எஸ்.பி.எம். தேர்வுக்கும் உதவும்.

வீட்டில் ஒரு சோதனையும் செய்யலாம். கோழிக்கால் எலும்பைச் சுத்தமாகக் கழுவி ஒரு போத்தலில் போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். ஐந்தாறு நாளில் எலும்பு ரப்பர் போல வளையும். அமிலம் தாதுவைக் கரைத்துவிட்டது, மிஞ்சியது கொலாஜன் நார். எங்கள் வகுப்பில் செய்தபோது மாவுக்கட்டுக் கேள்வி கேட்ட அந்த மாணவி எலும்பை முடிச்சுப் போட முயன்று பாதியில் உடைத்துவிட்டாள்.

தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். “கண்ணாடியையா காதுக்குள்ள போடுறாங்க?” என்று அத்தை முகத்தைச் சுளித்தார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பள்ளத்தைச் சுத்தம் செய்ய மருத்துவமனைக்குப் போகிறவர், அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். பழைய பள்ளத்தையும் நிரப்ப முடியுமாம். ஆனால் உள்ளே நோய்த்தோல் மிச்சம் இல்லை என்று ஸ்கேன் உறுதிசெய்ய வேண்டும், வயதையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் தொலைபேசியில் அதைச் சொல்லிவிட்டு, “அடுத்த லீவுக்கு போர்ட்டிக்சன் போறீங்களாம்மா?” என்று கேட்டார்.